மடக்குக் கத்தியின் வெற்றி குறித்து மைத்துனருக்கு

என் மனைவியின் ஒரே தம்பியும், என் கால்சட்டைப் பை விவகாரத்தில் இத்தனை வருடமாக எதிர்க்கட்சித் தலைவருமாகிய அன்பு மைத்துனருக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் இடுப்புவலி மட்டும் சௌக்கியமில்லாமல் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்.

லீவு கிடைக்காததால் நம் பெண்ணின் கல்யாணத்துக்கு வர முடியவில்லை, எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பெண் அழகாக இருந்தாள், மாப்பிள்ளை பயந்துபோயிருந்தார். இனி விஷயத்துக்கு வருகிறேன். என் கத்தி ஜெயித்துவிட்டது.

போன தடவை நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "அத்தான், அந்தக் கத்திய வெச்சு இதுவரைக்கும் என்னத்த சாதிச்சிருக்கீங்க?" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அன்றைக்கு நான் தண்ணீர் குடிப்பதுபோல் சமாளித்தேன். காகிதக் கிடங்கில் வேலை பார்த்தவரை அந்தக் கேள்விக்கே இடமில்லை; கட்டு வந்து இறங்கினால் என் பையிலிருந்து கத்தி இறங்கும், டக்கென்று விரியும், கயிறு தெறிக்கும். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அறுக்க என்ன இருக்கிறது சொல். பால் பாக்கெட்டுக்குக் கத்தரிக்கோல், பார்சலுக்கு இங்கே கிழிக்கவும் என்று போட்டே வருகிறது. ஆனாலும் மரப்பிடியும் பித்தளைக் கழுத்துமாக அந்தக் கனம் தொடையில் உரசிக்கொண்டிருந்தால்தான், இன்னும் யாருக்காவது நாம் வேண்டியிருக்கும் என்று எனக்கு ஒரு தெம்பு. இதை உன் அக்காவிடம் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன், எழுதுகிற வேகத்தில் வந்துவிட்டது.

அந்தத் தெம்பில்தான் மாடிவீட்டுக்காரர் ஒரு பெரிய பெட்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, நகருங்க சார் என்று போய் நின்றேன். ஒரே இழுப்பு, பெட்டி திறந்துகொண்டது. உள்ளே விருந்தாளிகளுக்காக வாங்கிய காற்று மெத்தை. பெட்டியை நான் திறந்த ஆழத்தில் மெத்தையும் திறந்திருந்தது அன்று ராத்திரி அவருடைய மச்சினர் படுத்த பிறகுதான் தெரிந்ததாம். மாடிவீட்டுக்காரர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. அதிலே எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, ஆனால் அவர் மனைவி உன் அக்காவிடம் நிறையப் பேசினாள். சரி, ஆனது ஆயிற்று என்று விட்டிருப்பாள் உன் அக்கா. அடுத்த வாரமே சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவையாகப் போனோம், அங்கேதான் வினை. அவர்கள் வீட்டு சோபா ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிற ரகம். நான் எழுந்தபோது கத்தி மட்டும் உட்கார்ந்திருக்கிறது. சம்பந்தியம்மா திண்டைச் சரிசெய்ய வந்தவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது என்னதுங்க?" என்று கேட்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? சாவிக்கொத்து என்று சொல்லிப் பையில் போட்டிருக்க வேண்டும். நானோ, பயப்படாதீங்கம்மா என்று சொல்லி, விரித்து, எவ்வளவு கூர் என்று காட்ட என் முன்கை மயிரைக் கொஞ்சம் வழித்தும் காட்டினேன். பெண் கொடுக்க வந்தவன் கத்தியோடு வந்திருக்கிறானே என்று சம்பந்தியின் முகம் போன போக்கை நான் எழுத முடியாது. நம் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அக்கா பேசவில்லை. நீ கூடப்பிறந்தவன், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். கல்யாணத்தன்றைக்கு அது வீட்டோடு இருக்க வேண்டும். என் பையில் இருப்பதாகத் தெரிந்தால் அன்றோடு அது சமையலறை இழுப்பறைக்குப் போகும், தேங்காய் துருவியோடும் உடைந்த கரண்டியோடும் மிச்ச காலத்தைக் கழிக்கும். தலையை ஆட்டினேன். அவள் பார்க்க அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கல்யாணத்தன்று காலையில் எல்லாரும் வண்டியில் ஏறிவிட்டார்கள், எனக்குப் பை காற்றாடுகிறது, நடையே கோணுகிறது. மூக்குக்கண்ணாடி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மூக்குக்கண்ணாடி மூக்கில் இருந்ததை நல்லவேளை யாரும் கவனிக்கவில்லை.

பதிவு அலுவலகம் மூன்றாம் மாடி. பதிவாளர் தலை நிமிராத மனுஷர். எங்களுக்குப் பின்னால் இரண்டு ஜோடி காத்திருக்கிறது, மதியத்தோடு அவர் கிளம்பிவிடுவாராம், அப்புறம் அடுத்த மாதம்தான் தேதி. பெண், மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டாயிற்று, சம்பந்தி சாட்சிக் கையெழுத்துப் போட்டாயிற்று, பெண் பக்கத்துச் சாட்சி உன் அக்கா. எங்கே உன் அக்கா? தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்று கழிவறைக்குப் போனவள் வரவில்லை. பதிவாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவளுக்குப் பதில் நான் போடுகிறேனே என்றால், தாள்களில் அவள் பெயர்தான் எழுதியிருக்கிறது, மாற்றுவதென்றால் எல்லாம் முதலிலிருந்து என்கிறார். நம் பெண் என்னைப் பார்த்தாள் பார், ஸ்கூலில் விட்டுவிட்டு வந்த முதல் நாள் பார்த்த அதே பார்வை. ஓடினேன்.

நடைபாதைக் கோடியில் கதவு மூடியிருக்கிறது, உள்ளேயிருந்து உன் அக்காவின் குரல் மட்டும் வருகிறது. திருகினாளாம், குமிழ் கையோடு வந்துவிட்டதாம். வெளியே இருக்கிற குமிழைத் திருகினால் அது சும்மா சுற்றுகிறது. சம்பந்தி பின்னாலேயே வந்தார். தோளால் ஒரு இடி இடித்தார். கதவுக்கு ஒன்றுமில்லை, அவருக்குத்தான் கோட்டுத் தையல் விட்டது. பிறகு இதெல்லாம் சுலபம் என்று வங்கி அட்டையை எடுத்து இடுக்கில் நுழைத்தார், அது இரண்டாகப் போயிற்று. சம்பந்தியம்மா பூட்டுத் திறக்கிறவர் யாராவது கிடைப்பாரா என்று போனில் தேடுகிறார். நான் பைக்குள் கையை விட்டு, பிடியைப் பிடித்தபடி நிற்கிறேன். எடுக்கத் தைரியமில்லை. அப்போதுதான் உள்ளேயிருந்து கேட்டாள்.

"என்னங்க, கத்தி வெச்சிருக்கீங்களா?"

யோசித்துப் பார். ஆமாம் என்றால் நான் மாட்டிக்கொள்வேன். இல்லை என்றால் அவள் மாட்டிக்கொண்டே இருப்பாள்.

"எதுக்குக் கேக்கற?" என்றேன்.

"சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

இந்த ஒரு வார்த்தையை நம்பி நான் பட்டதெல்லாம் உனக்கும் கொஞ்சம் தெரியும். அதனால் சம்பந்தி பக்கத்தில் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் கேட்டேன்: "ஒண்ணும் சொல்லமாட்டேன்னா, இப்ப மட்டுமா, எப்பவுமா?"

உள்ளேயிருந்து குமிழால் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எப்பவும்," என்றாள். "கதவத் தொறங்க."

எடுத்தேன். கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைத்து விரித்தேன், நடைபாதை முழுக்க டக்கென்று கேட்டது. அலகை இடுக்கில் விட்டு மெல்லத் தடவிக்கொண்டே இறக்கினால் பூட்டின் நாக்கு தட்டுப்பட்டது. அப்படியே சாய்த்து, உள்பக்கம் ஒரு தள்ளு. கதவு வழிவிட்டது. உன் அக்கா கையில் குமிழோடு நிற்கிறாள், தலைமுடி பிரமாதமாகச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குமிழை என் கையில் கொடுத்துவிட்டு நேரே போய்க் கையெழுத்துப் போட்டாள். பதிவாளர் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து, நல்லா இருங்க என்று சொன்னார். நம் பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

மதியச் சாப்பாட்டில் எனக்கு நடந்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். சம்பந்தி கத்தியைக் கேட்டு வாங்கி, விரித்து மடக்கி, எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். சம்பந்தியம்மா தன் அக்காவுக்கு போன் போட்டு, எங்க சம்பந்தி எப்பவும் தயாரா இருப்பாருங்க என்று சொன்னது என் காதுபட. உச்சம் என்னவென்றால், உன் அக்காவே மேசையில் எல்லார் முன்னாலும், ஒரு கத்தி கைவசம் இல்லாம வெளியில கிளம்பவே கூடாதுங்க என்று அறிவித்தாள். அதே மாதிரி மேசை, அதே மாதிரி கூட்டம், உன் நாற்காலி மட்டும்தான் காலி. ஆகவே, என்னத்தைச் சாதித்தீர்கள் என்று இனி எந்த ஜென்மத்திலும் கேட்காதே. ஒரு பெண்ணின் கல்யாணத்தைச் சாதித்தேன்.

மற்றபடி புதுத் தம்பதியை போனில் கூப்பிட்டு வாழ்த்து. உன் மனைவிக்கு என் அன்பையும், உன் பையன்களுக்கு என் ஆசியையும் சொல். நீங்கள் எல்லாரும் நோய்நொடியில்லாமல், பூட்டிய கதவு எதற்குப் பின்னாலும் அகப்படாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
வெற்றிபெற்ற உன் அத்தான்

பி.கு.: முந்தாநாள் இதை உறையில் போட்டுவிட்டுத் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். பையைத் தொட்டால் கத்தி இல்லை. உன் அக்காவின் கைப்பையில் இருக்கிறது. கேட்டதற்கு, "உள்ள மாட்டிக்கிட்டது நான். வெளிய நிக்கிறவருக்குக் கத்தி எதுக்கு?" என்கிறாள். கத்தி கைவசம் இல்லாமல் கிளம்பக் கூடாது என்பது நானே ஊரெல்லாம் சொல்லி வளர்த்த நியாயமாயிற்றே. போகட்டும், குடும்பத்துக்குள்தானே இருக்கிறது என்று விட்டேன். நேற்று புதிதாகத் திறந்த பெரிய துணிக்கடைக்குப் போனோம். வாசலில் பைகளைச் சோதிக்கிற அம்மாள் கத்தியை வெளியே எடுத்து, இது யாருடையது என்று கேட்டார். உன் அக்கா ஒரு நொடிகூடத் தயங்காமல் என்னைக் கைகாட்டினாள். அவள் இரண்டு மாடியும் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்வரை நான் வாசலில் ஸ்டூலில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தேன். திரும்பி வந்தவள் அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லி, கத்தியை வாங்கி, மறுபடி தன் பையில் போட்டுக்கொண்டாள்.