நான் கிளினிக் கொப்பி வாசித்த கதை

இனிமேல் மாத்திரை விழுங்குவதில்லை என்று போன மாதம் ஒரு வீரமான முடிவெடுத்தேன். வீரம் என்றால், மனைவிக்குத் தெரியாமல் எடுத்தேன்.

என் வியாதியின் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை கக்கூசுக்குப் போய் வந்துவிடலாம். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே ஆள் தெரியாமல் பெருங்குடலைப் போட்டு அடிக்கிறார்களாம். அதனால் குடல் புண்ணாகிறதாம். சொந்த வீட்டிலேயே அடி வாங்குவது பழக்கமான சங்கதி என்பதால் டொக்டர் சொன்னதும் எனக்குச் சட்டென்று புரிந்தது.

தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில்தான் யாருக்கும் புரியவில்லை. உடம்புச் சூடு என்றார்கள், செய்வினை என்றார்கள். பக்கத்து வீட்டுப் பழனியாண்டி, தொத்திவிடும் என்று எனக்குத் தனி டம்ளர் வைத்தான். தொத்தாது. வரும், அடங்கும், மறுபடி வரும். அடங்கியிருக்கும்போதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டில் ஆளுக்கொன்று ஒத்துக்கொள்ளாது. எனக்குக் காரமான ஆட்டிறைச்சி.

இரண்டு வருடத்துக்கு முன் நிறுத்திப் பார்த்தேன். ரத்தமாகப் போனது. பதினெட்டு நாள் வார்டில் கிடந்தேன். என் மனைவி ஜீவராணி அத்தனை நாளும் ஒரு வேளைதான் சாப்பிட்டாள். முருகனையும் விடவில்லை, நர்ஸ்மாரையும் விடவில்லை.

ஆனால் இப்போது எட்டு மாதமாக வயிறு பரம சாது. பழனியாண்டிக்கும் பயம் தெளிந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறிக்கு வரச் சொல்லிவிட்டான். சாதுவான வயிற்றுக்கு எதற்குத் தினம் எட்டு மாத்திரை?

கிளினிக் கொப்பி என்கிற நோட்டில் டொக்டர் இங்கிலீசில்தான் எழுதுவார். ஜீவராணிக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது. பெக்டரியில் தேயிலை மூட்டைக்கு முத்திரை குத்தினவன், இங்கிலீஷ் படித்தவன் என்று சொல்லித்தான் அவளை எனக்குக் கட்டிவைத்தார்கள்.

கிளினிக்கிலிருந்து வந்ததும் கொப்பியை விரித்துத் தொண்டையைச் செருமினேன்.

"என்னங்க எழுதியிருக்காரு?"

"மாத்திரை போதுமாம். நிப்பாட்டிட்டாரு."

"நெசமாவா?"

"இங்க பாரு, கோடு போட்டிருக்காரு."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கெழமை ஆட்டெறச்சி சாப்பிடலாமாம்."

"ஞாயித்துக்கெழமைன்னே எழுதியிருக்காரா?"

"பெரிய டொக்டரு. எல்லாம் வெவரமாத்தான் எழுதுவாரு."

அவள் கொப்பியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள். வீட்டில் எந்தக் கொப்பியானாலும் பழைய கலண்டர் தாளில் அட்டை போட்டு அங்கேதான் வைப்பாள். எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. வாயுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் விளக்கேற்றிவிட்டு வந்தாள்.

"ஏங்க, இன்னொருக்கா வாசிங்களேன். கேட்டா மனசுக்கு நிம்மதியா இருக்கு."

அவளே கொப்பியை எடுத்து, துடைத்து, பக்கத்தையும் விரித்துக் கொடுத்தாள். இவ்வளவு பக்தியுள்ள ரசிகையை ஏமாற்றலாமா? தாராளமாக வாசித்தேன்.

"மாத்திரை வேணாம். ஆட்டெறச்சி சாப்பிடலாம். கொச்சிக்கா நல்லா சேத்துக் காரமா ஆக்கலாம்."

"அன்னைக்கிக் கொச்சிக்கா இல்லையே?"

"அடியில பொடியா எழுதியிருக்கு."

"வேற?"

"நம்ம மாட்டுக்குப் புல்லறுக்கக் கூடாதாம். குனிஞ்சா கொடலுக்கு ஆகாதாம்."

"மாடுன்னே எழுதியிருக்காரா?"

"மாடுன்னே எழுதியிருக்காரு."

அவள் சத்தம் போடவில்லை. என்றைக்குமே போடுவதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரையும் நாலு மாத்திரையையும் என் முன்னால் வைத்தாள்.

"நேத்து ரெண்டு கொப்பியையும் போன்ல படம் புடிச்சுக் கொழும்புல இருக்கிற நம்ம மக தனுஜாவுக்கு அனுப்பினேன். ஒங்க கொப்பியில, மாத்திரைய ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாதுன்னு எழுதியிருக்காம். அந்தக் கோடு அதுக்குத்தான் போட்டிருக்காராம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னொரு பதினெட்டு நாளைக்கு எனக்குத் தெம்பில்லைங்க."

எனக்கும் இல்லை. எட்டுக் கிலோ குறைந்து நான் கிடந்த அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது.

"அப்ப இது?" என்று கையிலிருந்த கொப்பியைப் பார்த்தேன்.

"அது நம்ம செவப்பி கொப்பி. மாட்டு டொக்டரு எழுதினது. தனுஜா அதையும் வாசிச்சுச் சொன்னா."

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மாத்திரையை விழுங்கினேன். சாயங்காலம் சிவப்பிக்கு இரண்டு கட்டுப் புல்லும் அறுத்துப் போட்டேன்.

மறுநாள் மத்தியானம் கறி வாசத்தோடு பழனியாண்டி வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டான். ஜீவராணிதான் போய்ப் பதில் சொன்னாள். நிதானமாக, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

"அவரு வர மாட்டாருண்ணே. மூணு மாசம் செனையா இருக்காரு. டொக்டரு எழுதினத அவரே வாசிச்சாரு."