பூனை வளர்க்காத பூனை நிபுணர்

நிபுணர்களில் பல ரகம் உண்டு. நான் சொல்ல வந்தது வியாழக்கிழமை நிபுணரைப் பற்றி. திங்கட்கிழமை ஏதோ ஒரு பத்திரிகை அவருக்குத் தலைப்பு கொடுக்கும். செவ்வாய் வரை அந்த விஷயத்தில் அவருக்கு அனா ஆவன்னா தெரியாது. வியாழக்கிழமை அவரிடம் மாட்டிக்கொண்டால் உங்கள் கடைவாய்ப் பல்லின் வேர், கூரையின் சரிவு, தேனீயின் மனநிலை என்று எதையும் விட்டுவைக்காமல் விளக்கி, நடுநடுவே ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்று ஒரு போடு போட்டு, உங்கள் காப்பி ஆறும்வரை விடமாட்டார். எந்த ஆய்வு? கேட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை எல்லாம் மறந்துபோகும். அடுத்த தலைப்புக்கு இடம் வேண்டாமா?

எனக்குத் தெரிந்த எழுத்தாளர் ஒருவர் இந்த இனத்தில் முதல் வரிசை. பூனை வளர்ப்பு பற்றி அவர் எழுதிய கட்டுரையில் சொக்கிப்போன மச்சினி, வெளியூர் போகும்போது தன் செல்லப் பூனையை அவரை நம்பி விட்டுப் போனாள். அது நேராக பீரோவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தொட்டால் சீறியது. வைத்ததைச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்து நிற்பாளே!

"அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்றாள் மனைவி.

"இரும்மா, கொஞ்சம் படிச்சுப் பார்க்கிறேன்."

பூனையைப் பற்றி எழுதியது அவருக்கு ஞாபகம் இருந்தது. என்ன எழுதினோம் என்பதுதான் இல்லை. இணையத்தில் தேடித் தேடிப் படித்ததில் ஒரு கட்டுரை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. என்ன தெளிவு, என்ன உறுதி! பூனையை இமைக்காமல் உற்றுப் பார்த்தால் அதற்கு நம்பிக்கை பிறக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தது. எழுத்தாளர் குப்புறப் படுத்து, பீரோவுக்கு அடியில் தலையை நுழைத்து, இமைக்காமல் பார்த்தார். பூனையும் பார்த்தது. பிறகு அவர் மூக்கில் மூன்று கோடு போட்டது.

"இதை எழுதினவன் பூனையைக் கண்ணால பார்த்திருப்பானா?" என்று பொருமியபடி, கட்டுரைக்குக் கீழே நாலு வார்த்தை திட்டி எழுதப் போனார். அங்கே எழுதியவரின் படம் இருந்தது. கன்னத்தில் கை, கண்ணில் ஆழ்ந்த சிந்தனை. அவரேதான்.

இதற்குள் மனைவி ஒரு தட்டில் மீன் துண்டை வைத்துவிட்டு, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தட்டு காலி.

மூக்கில் பஞ்சோடு அவர் உட்கார்ந்திருந்தபோது பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, பூனைக் கீறலுக்கு முதலுதவி பற்றி ஒரு கட்டுரை கேட்டார்.

"அதான் மூக்குலயே இருக்கே, கண்ணாடியைப் பார்த்து எழுதிடுங்க," என்றாள் மனைவி.

"மூக்கை நம்பி எழுத முடியுமா? முதல்ல கொஞ்சம் படிக்கணும்."

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், "இந்த எழுத்தாளருங்களே இப்படித்தான்" என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். கையோடு, பூனையை முறைத்துப் பார்க்கக் கூடாது, இருட்டில் மீன் வைத்தால் தானாக வரும் என்று விளக்கமும் கொடுப்பீர்கள். எனக்குத் தெரியும்.

அது சரி, நீங்கள் பூனை வளர்த்ததுண்டா?