அஸ்வினியின் அரசாங்க மாமன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் முனிகிருஷ்ணனுக்கு ஒரே ஒரு ஆசை. பெற்ற மகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். இவ்வளவு சின்ன ஆசையோடு ஒருவன் அரசாங்க அலுவலகத்துக்குள் போகலாமா?

அவனும் பிரேமாவும் ஐந்து வருஷம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினார்கள். தாலி மட்டும் கட்டவில்லை. கட்டக்கூடாது என்று இல்லை. முகூர்த்தம் குறித்தால் ஷிப்ட் மாறும். கெஞ்சி ஷிப்டை மாற்றினால் ஆடி மாசம் வந்து நிற்கும். இதற்குள் அஸ்வினி பிறந்து, நடந்து, "நைனா" என்று கூப்பிடவும் ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் ஒரு கருவாட்டுக் குழம்புச் சண்டையில் பிரேமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்குத் தாய்வீடு போய்விட்டாள். "ஆபீஸ் ஆர்டர் கொண்டா, பாப்பாவக் காட்றேன்" என்பதோடு பேச்சு முடிந்தது.

குழந்தைச் சந்திப்பு அனுமதிப் பிரிவில் அதிகாரி சபரிநாதன் மனுவைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் படித்தார்.

"கல்யாணச் சான்றிதழ் எங்க?"

"கல்யாணம் ஆவல சார்."

"அப்போ விவாகரத்து உத்தரவு குடு."

"கல்யாணமே ஆவாம விவாகரத்து எப்டி சார்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். சேராத ஆளு பிரிஞ்சிட்டேன்னு மனு போட்டா நான் இன்னா பண்றது?"

"பாப்பா மூஞ்சியப் பாருங்க சார். அப்டியே என் மூக்கு."

"மூக்குக்கு ஃபாரத்துல இடம் இல்லப்பா."

சபரிநாதன் கல்நெஞ்சர் அல்ல. அடுத்த பக்கத்தைப் புரட்டி, "தாய்மாமன்னு எழுதிக் குடு. அதுக்கு ஒரு பேப்பரும் வேணாம், அம்மா கையெழுத்து போதும்" என்றார்.

"மாமனுக்கு மட்டும் ஏன் சார் அத்தாட்சி வேணாம்?"

"சீர் செய்யணுமேப்பா. எவனாவது பொய் சொல்லி அதுல மாட்டுவானா?"

பிரேமாவுக்கு விஷயம் போனதும், "அஞ்சு வருசம் குடித்தனம் பண்ண ஆள அண்ணன்னு எழுதறதா?" என்று கேட்டுவிட்டு, புரையேறும்வரை சிரித்தாள். ஆனால் அவளுக்கும் ஒரு பேஜாரு இருந்தது. ஆவணியில் காதுகுத்து, குழந்தையை மடியில் உட்கார வைக்க அவள் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை இல்லை. போட்டாள் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றவனை, "வாங்கண்ணா, நாஷ்டா ஆச்சாங்கண்ணா?" என்று வரவேற்றாள் மகராசி. அந்த அண்ணா அவனுக்குக் கசந்தது. ஆனால் உள்ளேயிருந்து அஸ்வினி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாளே, அதற்காக இன்னும் நாலு அண்ணன் வேண்டுமானாலும் தாங்கலாம். குழந்தைக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்: ஆபீஸ் ஆள் வந்தால் மாமா, மற்ற நேரத்தில் நைனா.

காதுகுத்தன்று முனிகிருஷ்ணன் தட்டு தட்டாகச் சீர் வைத்தான். அஸ்வினியை மடியில் வைத்து உட்கார்ந்ததும் சபரிநாதன் ஜீப்பில் கள ஆய்வுக்கு வந்தார். முதலில் பிரியாணியை ஆய்வு செய்தார். பிறகு பந்தியைப் பார்த்து, "குழந்தையோட தகப்பன் எங்க?" என்றார்.

"அந்தப் பாவி எட்டிக்கூடப் பாக்கல சார்" என்றது பந்தி ஒரே குரலில். அதில் பாதிப் பேர் அவனோடு கம்பி உருட்டுகிறவர்கள்.

சபரிநாதன் பழைய மனுவை எடுத்தார். "மகள் காதுகுத்துக்கே வராத தகப்பன். மனு நிரந்தரமா மூடப்படுது. மாமன் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுப்பா."

"சார், அந்த மனு போட்டது..."

"யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா உன் மாமன் ஆர்டரையும் ரத்து பண்ணணும்."

பிரேமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணா என்று வரவில்லை; வேறு பெயர் சொல்ல ஜீப் இன்னும் போகவில்லை. முனிகிருஷ்ணன் பேனாவை வாங்கி, அஸ்வினியின் தகப்பன் அவளைப் பார்க்க வரவே இல்லை என்பதற்கு அவள் தலைக்கு மேலேயே கையெழுத்துப் போட்டான். "தகப்பன்னு இருக்கானுங்களே, இந்த மாமனப் பாத்துக் கத்துக்கணும்" என்று சபரிநாதன் அவன் முதுகில் தட்டினார். பந்தியில் கைதட்டினார்கள்.

ஆசாரி இன்னும் ஊசியை எடுக்கவேயில்லை. அதற்குள் முனிகிருஷ்ணனின் கண்ணீர் அஸ்வினியின் மொட்டைத் தலையில் சொட்டியது. அவள் அண்ணாந்து பார்த்து, அவன் காதருகே மெதுவாகச் சொன்னாள்.

"ஜீப்பு போவட்டும் நைனா. அப்பால அழுவு."