மாப்பிள்ளை பேச்சைக் கேட்டு ஜப்பான் குளத்தில் குதித்தது

சான் ஹோசே,
ஞாயிற்றுக்கிழமை, காப்பிக்கு முன்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெயபிரகாஷ் அவர்களுக்கு,

மச்சான் நஞ்சுண்டன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அக்கா வசந்தாமணியும் உங்கள் மருமகள் ரோஷினியும் நலம். அளவுக்கு மீறிய நலம். அமெரிக்காவின் அந்தக் கோடியில், மான்மவுத் ஜங்ஷனில் நீங்கள் நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் மச்சான் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது. அதனால் கேட்டுவைக்கிறேன்: நலமா? இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள், பாதியில் உங்கள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு அவளும் சிரிப்பாள். அதனால்தான் ஈமெயில். தயவுசெய்து சிரிக்காமல் படிக்கவும்.

கோடை விடுமுறைக்கு நம் ஊர் கோபிக்குப் போய்த் திரும்பும் வழியில் டோக்கியோவில் நாலு நாள் இறங்குகிறோம் என்று உங்களிடம் சொன்னது நான் செய்த முதல் தப்பு. புல்லட் ரயிலில் ஏறுவது, ஒரு தோட்டத்தைப் பார்ப்பது, ஒரு பழைய கோயிலில் அமைதியாக உட்காருவது, இவ்வளவுதான் என் ஆசை. நீங்கள் என்ன சொன்னீர்கள்? “கோயிலு உங்க பக்கத்துல லிவர்மோர்லயே இருக்குதுங்க மச்சான். ஜப்பான் போனா பப்ளிக் பூலுக்குப் போங்க. நானும் ஃப்ரெண்ட்சும் போன வருசம் போனமுங்க. ஸ்லைடெல்லாம் கோபுரம் கணக்கா இருக்கும், பிள்ளைங்க ஜாலியா இருப்பாங்க” என்றீர்கள். அதை ஸ்பீக்கரில் வேறு சொன்னீர்கள். அத்தோடு என் தோட்டமும் போயிற்று, கோயிலும் போயிற்று. பதின்மூன்று வயதில் எதற்கும் தோளைக் குலுக்குகிற ரோஷினி அன்றைக்கு “யெஸ்!” என்று கத்தினாள். உங்கள் அக்கா மறுநாளே முழுக்கை வைத்த நீச்சல் உடை ஆர்டர் பண்ணிவிட்டாள்.

டோக்கியோவுக்கு வெளியே, நகராட்சி நடத்துகிற ஒரு பெரிய குளத்துக்குப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்று என்றார்கள், கழற்றினேன். தலைக்குக் குல்லாய் போடு என்றார்கள். எனக்கு இருக்கிற முடிக்கு எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே விதியாம். அந்த ரப்பர் குல்லாயைப் போட்டதும் என் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறி, யாரைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிற மாதிரி ஒரு முகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை, அந்த முகத்தோடு ஒரு மனுஷன் எப்படிக் கோபப்படுவது? நான் கோபத்தில் பேசப் பேச அவர்கள் நான் எதையோ வியந்து பாராட்டுவதாக நினைத்துத் தலை குனிந்தார்கள். மூக்குக்கண்ணாடியும் கூடாதென்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு ஃப்ரீவே போர்டே தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் எனக்கு ஜப்பான் முழுவதும் நனைந்த ஓவியம் மாதிரிதான் தெரிந்தது.

அடுத்தது என் தேள். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அந்தியூர்த் தேர்த்திருவிழாவில் முழங்கைக்கு மேலே பச்சை குத்திக்கொண்ட தேள். நான் பெருத்ததில் அதுவும் பெருத்து இப்போது நண்டு மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம். அதைப் பார்த்ததும் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் ஓடி வந்தாள், குனிந்தாள், இன்னொரு தடவை குனிந்தாள். ரோஷினி தன் போனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து தமிழில் வைத்து நீட்ட, அந்தப் பெண் அதில் ஏதோ சொல்ல, போன் கணீரென்று பேசியது: “மன்னிக்கவும் ஐயா. உங்கள் பூச்சியை மூடுங்கள்.” பச்சை குத்தியவர்கள் அதை மறைக்காமல் உள்ளே போகக் கூடாதாம். அங்கே முரடர்கள்தான் பச்சை குத்துவார்களாம். சிப் கம்பெனியில் இருபது வருஷமாகத் தலை நிமிராமல் வேலை செய்கிற நான் முரடன்! பெரிய பிளாஸ்திரி தீர்ந்துபோய், குழந்தைகளுக்கு ஒட்டுகிற பூனைப்படம் போட்ட பிளாஸ்திரிகளை வரிசையாக ஒட்டிவிட்டாள். வாலின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அதற்குத் தனியாக ஒரு பூனை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அடுத்து நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஸ்லைடுக்கு ஏறுகிற படிக்கட்டின் அடியில் அதே பெண் உங்கள் அக்காவை நிறுத்தினாள். ரோஷினி அவளிடமே கொடுத்துவிட்டு மேலே ஏறியிருந்த போன் சொன்னது: “கழுத்தில் சங்கிலி உள்ளவர் வழுக்கி விழ அனுமதி இல்லை.” எனக்கு உள்ளூர நிம்மதி. சரி, இத்தோடு முடிந்தது, கட்டியதைக் கழற்றவா போகிறாள், இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று நினைத்தேன்.

“ஏனுங்க, கொடியக் கழட்டச் சொல்றாங்க.”

“அப்ப வுடு. வா, போலாம்.”

அவள் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தாள். மேலேயிருந்து ரோஷினி கூப்பிட்டாள். உங்கள் அக்கா குல்லாய்க்குப் பின்னால் கையை விட்டுத் தாலிக்கொடியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டாள்.

“ஏ புள்ள! கல்யாணத்தன்னைக்குக் கட்டுனது!”

“கட்டுனவருகிட்டத்தானுங்க குடுக்கறேன். பத்திரமா வெச்சிருங்க” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

அப்புறம் அவள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தாள். வேலை பார்க்கும் டேகேரில் நாள் முழுக்கப் பிள்ளைகள் பின்னால் ஓடி, வீட்டுக்கு வந்து “முட்டி வலிக்குதுங்க” என்பவள் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. என் நீச்சல் டவுசரின் பாக்கெட் வெறும் வலை. கையில் பிடித்தால் வியர்வையில் நழுவியது. என்ன செய்வது? என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் குடிக்க வந்த ரோஷினி அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“ஓ மை காட். அப்பா, ஆர் யூ வேரிங் அம்மாஸ் தாலி?”

“வேற எங்க வெக்கறது?”

“பீப்பிள் ஆர் லுக்கிங்!”

“பாக்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியும்!” என்று தமிழிலேயே சொன்னாள். பிள்ளைக்கு அவ்வளவு அவமானம்.

அவள் திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில் விசில் ஊதினார்கள். ஒரு விசில் இல்லை, நாலு திசையிலிருந்தும். அடுத்த நிமிஷம் குளத்தில் இருந்த அத்தனை பேரும், கைக்குழந்தை முதற்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கரையேறிவிட்டார்கள். தண்ணீரில் ஒரு ஆள் இல்லை. மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள், ஒரு குளத்திலிருந்து எல்லாரும் எப்போது வெளியே ஓடுவார்கள்? காவல்காரர்கள் வரிசையாக நின்று தண்ணீருக்குள் உற்றுப் பார்க்கிறார்கள். எனக்கோ கண் தெரியவில்லை. கரையில் இருக்கிற எல்லாரும் ஒரே குல்லாய், ஒரே தலை. உங்கள் அக்கா கடைசியாக மேலே ஏறியதைத்தான் பார்த்தேன், இறங்கியதைப் பார்க்கவில்லை. ஸ்லைடின் வாய்க்குக் கீழே தண்ணீருக்குள் ஊதா நிறத்தில் ஏதோ கிடந்தது. அவள் உடையும் ஊதா. அவள் தாலி என் கழுத்தில். “வசந்தீ!” என்று கத்திக்கொண்டு குதித்துவிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் பெயரை நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. எனக்கு நீச்சல் தெரியாது என்பது குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கையை அடிக்கிறேன், காலை அடிக்கிறேன், மூக்கிலும் வாயிலும் தண்ணீர், இத்தோடு நம் கதை முடிந்தது என்று நினைக்கும்போது தலைக்கு மேலே அந்த ஆப்பின் குரல் கேட்டது: “ஐயா, தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்.”

நின்றேன். தண்ணீர் தொடை வரைக்கும் இருந்தது. ஊதா நிறத்தில் கிடந்தது தரையில் வரைந்த ஆக்டோபஸ்.

ஒவ்வொரு மணி நேரமும் எல்லாரும் கரையேறி ஓய்வெடுக்க வேண்டுமாம். அது அங்கே வழக்கமாம். ரோஷினி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டே, “ரெஸ்ட் பிரேக், அப்பா. மாமா டிடின்ட் டெல் யூ?” என்று கேட்டாள். மாமா சொல்லவில்லை. ஸ்லைடு கோபுரம் கணக்கா இருக்கும் என்று சொன்ன மாமா, போன வருஷம் போய்விட்டு வந்த மாமா, இந்த விசிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை! ஊரே கரையில் உட்கார்ந்து பார்க்க, பூனைகள் பாதி உரிந்து தேள் வெளியே தெரிய, கழுத்தில் தாலியோடு நடுக்குளத்தில் நின்றேனே, அது உங்களால்தான்.

உங்கள் அக்கா படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

“ஏனுங்க, எல்லாரும் கரைல இருக்காங்க, நீங்க மட்டும் தண்ணிக்குள்ள நின்னு என்ன பண்றீங்க?”

“நீ முழுகிட்டீன்னு…”

“உங்களுக்கு நீச்சலே தெரியாதுங்களே?”

“தெரியாதுதான்.”

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரித்திருந்தால் திட்டியிருப்பேன், அப்படிப் பார்த்தால் என்ன செய்வது? அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குள் அந்தப் பெண் வந்து என் கழுத்தைக் காட்டிக் குனிந்தாள். ஆண்களுக்கும் சங்கிலி கூடாதாம். வசந்தாமணி குல்லாயைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்தாள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு நான் கொடியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். கரையில் ஒரு கிழவர் கைதட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள். என்ன நினைத்துத் தட்டினார்களோ!

ஊர் திரும்பியும் விடவில்லை. போன வாரம் லிவர்மோர் கோயிலில் புளியோதரை வரிசையில் ரோஷினி நான் கை கால் அடித்ததை நடித்தே காட்டிவிட்டாள். “அங்கிள், தொடை அளவு தண்ணியிலயா ஜம்ப் பண்ணீங்க?” என்று முன்பின் தெரியாதவர்கள் கேட்கிறார்கள்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். இனிமேல் என் குடும்பத்தின் பயணங்களில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் லீவுக்கு இங்கே வருவதாகக் கேள்விப்பட்டேன், வர வேண்டாம். வயதில் மூத்தவனாகப் போய்விட்டதால் ஆசி கூறாமல் முடிக்க முடியவில்லை. நீங்கள் நோய்நொடி இல்லாமல், கிரீன் கார்டு கிடைத்து, தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
இன்னும் கோபமாகவே இருக்கும்
நஞ்சுண்டன்

பின்குறிப்பு: உங்கள் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “பாதியத்தானுங்க எழுதியிருக்கீங்க” என்கிறாள். மீதியையும் எழுதினால்தான் காப்பியாம். ஓய்வு நேரம் முடிந்ததும் கொடியை ரோஷினியிடம் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேர் சேர்ந்து உட்காருகிற ரப்பர் வளையம். எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். நாங்கள் இருவரும் தராசில் ஏறினோம், முள் எல்லைக் கோட்டிலேயே நின்றது, அந்தப் பெண் குனிந்து வழிவிட்டாள். வழி நெடுக நான் கத்தினேன், மறுக்கவில்லை. ஆனால் கீழே விழுந்து எழுந்ததும் “இன்னொருக்காப் போலாமா?” என்று கேட்டது உங்கள் அக்கா இல்லை. குளத்தை மூடுகிறோம் என்று பாட்டுப் போட்டு அனுப்பும் வரைக்கும் ஏறி இறங்கினோம். குளிர்காலத்திலும் வெந்நீரில் ஸ்லைடு விடுகிற ஊர் ஒன்று ஜப்பானில் இருப்பதாகச் சொன்னீர்களே, டிசம்பருக்கு நாலு டிக்கெட் போட்டுவிட்டேன். நாலாவது உங்களுக்கு. ரோஷினியோடு வளையத்தில் உட்கார ஆள் வேண்டும். ஆகவே தாங்க்ஸ்கிவிங்குக்கு அவசியம் வந்துவிடுங்கள், பேச நிறைய இருக்கிறது. அதற்கு முன் உங்கள் எடை எவ்வளவு என்பதை ஒளிக்காமல் எழுதவும்.