கைகாட்டி என்னையே காட்டியது

நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட மென்பொருள்கள் உலகத்தில் எவ்வளவோ உண்டு. நான் எழுதியது சுத்தமான பொறாமையில் எழுதியது. மூன்று வருடம் ஆகிவிட்டதால் இப்போது தைரியமாக ஒப்புக்கொள்கிறேன்.

திருச்சியில், அரிசி மில்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. நானும் ரெங்கநாயகியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் பாலக்கரை, அவள் ஸ்ரீரங்கம். மில்காரர் யாராவது போன் செய்து "கம்ப்யூட்டர் தகராறு பண்ணுது" என்றால் போதும், மேனேஜர் செந்தில் சார் யோசிக்கவே மாட்டார்: "ரெங்கநாயகிகிட்ட குடுங்க." ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் அவள் பெயர் பத்தொன்பது முறை. என் பெயர் ஒரே முறை. அதுவும், "ஸ்டெல்லா, அந்த ஃபேனைக் குறைம்மா."

(அவள் கர்வக்காரியாக இருந்தாலாவது நிம்மதியாக வெறுத்திருக்கலாம். எனக்கென்று தனி டப்பாவில் புளியோதரை வேறு கொண்டுவந்து தொலைப்பாள். அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பொறாமைப்பட்டேன்.)

அந்தச் சமயத்தில் புது டீமுக்கு லீட் போடப்போவதாகப் பேச்சு வந்தது. அவளா, நானா என்பதுதான் கேள்வி. அதைக் கேள்வி என்று நினைத்தது நான் மட்டும்தான்.

அப்போது பிறந்ததுதான் 'கைகாட்டி'. மில்காரர் எழுதி அனுப்பும் குறையைப் படித்து, அதே மாதிரிக் குறையை முன்பு தீர்த்தவர் யார் என்று பழைய பதிவுகளில் தேடி, தானாகவே அந்த ஆளிடம் ஒப்படைக்கும் நிரல். "எல்லாத்தையும் ஒரே ஆள் தலையில கட்டறது நல்லால்ல சார். பாவம், ரெங்கநாயகி" என்றேன். அந்தப் 'பாவ'த்தை வீட்டில் கண்ணாடி முன்னால் மூன்று முறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

பழைய குறைகள் ஐம்பதைக் கொடுத்து வெள்ளோட்டம் விட்டேன். நாற்பத்தாறுக்கு என் பெயர்! வேறு யாராக இருந்தாலும் நிரலைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு இயந்திரமாவது என்னைப் புரிந்துகொண்டதே! அந்த உற்சாகத்தில், யார் பெயர் வருகிறதோ அந்த 'நிபுண'ரின் போன் நம்பர் மில்காரருக்கே போய்ச் சேரும்படி ஒரு வசதியையும் சேர்த்துவைத்தேன்.

திங்கட்கிழமை காலை. மொத்த ஆபீசும் திரைக்கு முன்னால். முதல் குறை: பில் அச்சாகவில்லை. ஸ்டெல்லா. இரண்டாவது: மூட்டைக் கணக்கு இடிக்கிறது. ஸ்டெல்லா. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எல்லாம் ஸ்டெல்லா. செந்தில் சார் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். ரெங்கநாயகியை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்போது என் போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடும்மா. எல்லாரும் கத்துக்கட்டும்" என்றார் சார்.

"நிபுணருங்களா? மண்ணச்சநல்லூர்லேந்து பேசறேங்க. நெல்லு லோடோட வந்த லாரிய எடை போட்டேன். இறக்கிட்டு காலி லாரியவும் போட்டேன். காலி லாரிதான் கனம்ங்குது உங்க கம்ப்யூட்டர். ஏம்மா, என் லாரி மில்லுக்குள்ள வந்து நெல்லு தின்னுச்சா?"

எடைப் பகுதியை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

"எதைம்மா? லாரியவா?"

அறையே அதிர்ந்தது. சிரிக்காதவர் இருவர்தான். நான், அப்புறம் போனில் இருந்த மில்காரர். "வாசல்ல ஆறு லாரி நிக்குதும்மா. அந்த ஸ்ரீரங்கத்துப் பொண்ணு இல்லீங்களா?"

ரெங்கநாயகி போனருகே குனிந்தாள். "இருக்கேன் அண்ணா. இன்னிக்கு எடை போடறவர் புதுசா? லோடு எடையைக் காலி எடைக் கட்டத்துல போட்டிருப்பார். ரெண்டையும் மாத்திப் போடச் சொல்லுங்கோ."

"அட, ஆமாம்மா! சரியாயிருச்சு."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு திரையைப் பார்த்து, "ஸ்டெல்லா, குறையைத் தீர்த்தவான்னு கைகாட்டி யாரைப் பாக்கறது?" என்று கேட்டாள்.

"பதிவை மூடினவங்க பேரை..." சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் ஆபீசில் ஒரு குறையைத் தீர்த்தபின் பதிவை மூட ஒன்பது கட்டங்கள் நிரப்பவேண்டும். எல்லோருக்கும் சோம்பல். நான் வேகமாகத் தட்டச்சு செய்வேன். ஆகவே தீர்ப்பது யாராயிருந்தாலும், "ஸ்டெல்லா, முடிஞ்சுது, மூடிடும்மா" என்று குரல் வரும். ஊரார் தீர்த்ததையெல்லாம் மூடி மூடியே நான் நிபுணராகியிருந்தேன்.

"அவ மேல தப்பில்ல சார். நாமதானே மூடச் சொன்னோம்" என்றாள் ரெங்கநாயகி. (அந்தப் பரிவுதான் தாங்கவில்லை.)

"அப்ப, ஒவ்வொரு குறைக்கும் நிரலைத் திருத்தினவங்க பேரை வச்சுப் பாரு" என்றார் சார். எல்லோர் முன்னாலும் என் கையாலேயே மாற்றினேன். ரெங்கநாயகி, ரெங்கநாயகி, ரெங்கநாயகி என்று திரை சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்தது. என் பெயரும் ஒருமுறை வந்தது. குறை: மூடும் படிவத்தில் எழுத்துப்பிழை.

டீம் லீட் அவள்தான். அதற்குச் சாட்சி எழுதிக்கொடுத்தது நான்தான். இதை வீட்டில் சொன்னது அடுத்த முட்டாள்தனம். அன்றிலிருந்து குழாய் ஒழுகினாலும் மிக்ஸி நின்றாலும் அண்ணன், "நிபுணருங்களா?" என்று கூவுகிறான்.

போன கிறிஸ்துமஸுக்கு ரெங்கநாயகி வீட்டுக்கு வந்திருந்தாள், புளியோதரையோடு. வாசல் நட்சத்திரம் எரியவில்லை. நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். மூன்று முறை. அவள் கருவிப்பெட்டியைத் திறந்து, நாற்காலியில் ஏறி ஒரு ஒயரைத் திருகினாள். எரிந்தது.

அம்மா கருவிப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "ஸ்டெல்லா, முடிஞ்சுது. மூடிடும்மா."

மூடினேன்.