சும்மா பாஸும் ரிட்டர்ன் வாரண்டும்

கண்டி மாநகரத்தில் சும்மா பாஸுக்குத் தெரியாமல் எந்தக் குழாயும் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தியது கிடையாது. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். கட்டுகஸ்தோட்டையில் ஏதோ ஒரு வீட்டுக் குளியலறையில் 'டொக்' என்று சொட்டினால், பேராதனையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் மனிதர் திடுக்கிட்டு எழும்பி மணியடிப்பாராம். நான் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் முழுசாக நம்புகிறேன்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மேசனும் பாஸ், தச்சரும் பாஸ், குழாய் பூட்டுகிறவரும் பாஸ். இவர் பகலெல்லாம் கூலிக்கு வேலை செய்வார். பொழுது சாயத் தொடங்கினால் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக இருக்கும் கிழவிகள், படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் என்று வீடு வீடாகப் போவார். வேலை முடிந்து "என்ன பாஸ் தரணும்?" என்று கேட்டால், "சும்மாதாங்க" என்பார். விடாமல் கேட்டால் ஒரு விரலை மேலே காட்டி, "எனக்கே சும்மா கிடைச்சதுங்க" என்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் கூரையிலிருக்கும் தண்ணீர்த் தாங்கியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அவருக்குக் கிடைத்தது வேறு. ஒரு காலத்தில் குடித்துவிட்டு வடிகானில் விழுந்து கிடப்பதுதான் அவருடைய முழுநேர உத்தியோகம். அப்போதிருந்த பாஸ்டர் ஒருநாள் அவரை அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, தன் சாரத்தைக் கட்டிவிட்டு, சோறு போட்டார். "திருந்திட்டு வான்னு சொல்லுவாருன்னு பாத்தேன். மனுசன் வா, சாப்பிடுன்னாரு. பொறகு ஆண்டவரும் அதையேதான் சொல்றாருன்னாரு. நான் திருந்தினது சாப்பிட்டதுக்குப் பொறகுதாங்க" என்று பாஸ் இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அன்றிலிருந்து அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அதனால் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! பாஸ்டர் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருப்பார், கோயிலுக்குப் பின்னாலிருந்து 'டங் டங்' என்று சத்தம் வரும். ஒரு கலியாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றும் நேரத்தில் மண்டபத்துச் சமையலறையில் எதையோ கழற்றப் போய், பாஸ் பட்டுச் சட்டையோடு நனைந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர்களும் நனைந்தார்கள்.

"பாஸ், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்!"

"சும்மா கிடைச்சதுங்கிறதுக்காகச் சும்மா இருக்க முடியுமாங்க?"

இந்த மனிதரை எங்கள் அப்பாவுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அப்பா மலைநாட்டு ரயில் பாதையில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாவலப்பிட்டியில் நாங்கள் குடியிருந்த காலத்தில் அவருடைய விசிலுக்குப் பயந்து நாய்கூட தண்டவாளத்தைத் தாண்டாது. "சும்மா கிடைச்சதாம், சும்மா! டிக்கெட் இல்லாம ஏறுறவன் பேசுற பேச்சு" என்பார்.

ஒன்றை மட்டும் எங்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இவ்வளவு ஒழுங்கான அப்பா, கோயிலில் அப்பமும் கிண்ணமும் வைத்துத் திருவிருந்து கொடுக்கும் ஞாயிறுகளில் மட்டும் எழும்பி வெளியே போய்விடுவார். கேட்டால் தலைசுற்றல். பல வருடங்களாக அதே தலைசுற்றல், அதே நேரத்தில்.

போன வருடம் அப்பாவின் நெஞ்சில் அடைப்பு இருப்பதாக டொக்டர் சொன்னார். ஒப்பரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து. அப்பா மாட்டேன் என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதார், நான் கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "பாஸ்டரோட பேசணும். பேசாம போக மாட்டேன். அந்தப் பக்கம் போயிட்டா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது?" என்றார். சாவைவிடப் பெரிய பயம் ஒன்று அவரைப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மா கோயிலுக்கு போன் எடுத்தார். தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. அந்தப் பக்கம் பேசியவர் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்காரர், அவருக்கு ஒரு காது மட்டும்தான் வேலை செய்யும். "பாஸ்டர உடனே அனுப்புங்க!" என்று அம்மா கத்தினார். அந்தக் காதில் 'பாஸ்' வரைக்கும்தான் போய்ச் சேர்ந்தது.

சொட்டச் சொட்ட நனைந்து, கையில் ஸ்பேனரோடு வாசலில் வந்து நின்றார் சும்மா பாஸ்.

"நான் பாஸ்டரைக் கூப்பிட்டேன்" என்றார் அப்பா.

"பாஸ் வந்திருக்கேனே கார்ட் ஐயா."

"'டர்' எங்கய்யா?"

'டர்' ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் செத்த வீட்டுக்குப் போயிருந்தார். நாளைக்குத்தான் வருவார். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. பாஸ் அதைக் கவனிக்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு, "உங்க பாத்ரூம்ல சொட்டுதுங்க" என்று உள்ளே போய்விட்டார். சொட்டத்தான் செய்தது.

நான் குசினியில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்பாவின் குரல் கேட்டது. வேறு யாரும் கிடைக்காததால் குளியலறைக் கதவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"கைப்புள்ளையோட ஒரு பொம்பள, பாஸ். டிக்கெட் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு அழுதா. சட்டம் சட்டந்தான்னு சின்ன ஸ்டேஷன் ஒன்னுல இறக்கி விட்டுட்டேன். இப்ப மாதிரித்தான், நல்ல மழை. அந்தப் புள்ள என்னாச்சுன்னு தெரியாது. அதுக்குப் பொறகு எந்தக் கையால அந்த அப்பத்த வாங்குறது?"

உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றது. அந்தத் தலைசுற்றல் எதுவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாஸ் ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். அவருக்கு வேறு கவலை.

"கார்ட் ஐயா, கேக்கணும்னே இருந்தேன். உங்க ஊட்டம்மாவும் புள்ளைங்களும் பதுளை, கொழும்புன்னு போவாங்களே, டிக்கெட் எடுத்தா போனாங்க?"

"டிக்கெட் எதுக்குய்யா? டிக்கெட்டுக்குப் பதிலா வாரண்ட் கடுதாசி இருக்கே. ரயில்வேக்காரன் குடும்பத்துக்கு எல்லாம் இலவசம்."

"உங்க மக, இந்தத் தங்கச்சி, ரயில்வேயில வேலை செஞ்சாங்களா?"

"பால் குடிக்கிற புள்ள என்னத்த வேலை செய்யும்? வேலை செஞ்சது நானு. என் பேருக்குத்தான் அவங்க..."

அப்பாவின் பேச்சு அங்கே நின்றுவிட்டது.

"அப்ப அவங்களும் டிக்கெட் இல்லாமத்தான் ஏறுனாங்க" என்றார் பாஸ். "நானெல்லாம் ஃபுட்போர்டுல தொங்கிக்கிட்டு வந்த கேஸுங்க. மேல இருக்கிறவரோட மகன் செஞ்ச வேலைக்கு எனக்கு உள்ளுக்கு சீட்டு."

தோற்றுப்போக அப்பாவுக்கு மனசில்லை. "அப்புடின்னா ஏன்யா ஊர் ஊரா பைப் பூட்டிக்கிட்டு அலையிறீங்க? சீட்டுக்கு வெல குடுக்கவா?"

"உங்க புள்ளைங்க ரயில்ல எப்படி இருப்பாங்க?"

"வால ஆட்ட முடியுமா? பெரியவங்க வந்தா எழும்பி எடம் குடுக்கணும். குப்பை போட்டா தோல உரிச்சிருவேன்."

அது உண்மை. கடுகண்ணாவையிலிருந்து கொழும்புக் கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே போன கால்கள் என்னுடையவை.

"எழும்பி நின்னாத்தான் வாரண்ட் கிடைக்குமா ஐயா?"

"என்னய்யா விசர்க் கதை பேசுறீங்க! வாரண்ட் முதல்லயே கையில இருக்கு. என் புள்ளைங்கிற பேர் இருக்கு. அதனால எழும்பி நிக்கணும்!"

"அதத்தான் ஐயா நான் இத்தன வருசமா பைப்புக்குள்ள தலைய விட்டுக்கிட்டு சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

அப்பா சிரித்தார், பிறகு அழுதார். இரண்டும் ஒன்றாக வந்து இருமல் பிடித்துக்கொண்டது. நான் தேத்தண்ணீரோடு ஓடினேன். அந்தக் கலவரத்தில் பாஸ் திருகிய குழாய் கையோடு வந்து வீடெல்லாம் வெள்ளம். அம்மா, பாஸ், நான் மூன்று பேரும் வாளியோடு நின்றோம். அப்பா கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விசில் இல்லாமலே கட்டளையிட்டார்.

மறுநாள் பாஸ்டர் அப்பமும் கிண்ணமும் கொண்டு வந்தார். அப்பா இரண்டு கைகளையும் நீட்டினார். இந்த முறை கைகள் பின்னால் போகவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, இன்றைக்கும் சரியாக வருவதில்லை.

ஒப்பரேஷன் அன்று காலை, ஜெபம் பண்ணச் சொல்லி அப்பா பாஸைத்தான் கேட்டார். பாஸ்டருக்கே ஆச்சரியம். பாஸ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "ஆண்டவரே, கார்ட் ஐயா உம்ம வாரண்ட்ல வாறாரு..." என்று தொடங்கினார்.

"ஐயோ பாஸ், ரிட்டர்ன் வாரண்ட்டுன்னு சொல்லுங்க!" என்று கத்தினார் அப்பா.

ரிட்டர்ன் வாரண்டாகவே கிடைத்தது. இப்போது அப்பா பாஸுக்கு டார்ச் பிடிக்கப் போகிறார். கிழவிகள் வீட்டுக்கெல்லாம் இரண்டு பேரும் ஜோடியாகப் போய், ஒரு மணி நேர வேலையை அரை நாளாக்கிவிட்டு வருகிறார்கள். கேட்டால் அப்பாவும் விரலை மேலே காட்டுகிறார். அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார்.

ஆனால் சும்மா பாஸ் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது வேறு. ஒப்பரேஷன் முடிந்த மறுநாள், வார்டு வாசலில் நர்ஸ் அவரை நிறுத்திவிட்டார். சொந்தக்காரர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம், நீங்கள் யார் என்று சிங்களத்தில் கேட்டார். பாஸ் திருதிருவென்று விழித்தார். சொந்தம் என்று சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. பையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அப்போது உள்ளே கட்டிலிலிருந்து, குழாய்களுக்கு நடுவே, எழும்பாத ஒரு குரல் எழும்பியது. "மிஸ், விடுங்க. மகே மல்லி." சிங்களத்தில் 'என் தம்பி'.

அந்தத் தலைசுற்றலை விட்டால், ஆயுசு முழுக்கச் சட்டம் பேசிய எங்கள் அப்பா சொன்ன ஒரே பொய் அது. அதைப் பொய் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.