நூற்றுப்பத்துக்குக் கீழே ஒரு கிலோ

ப்ரௌலியோ கான்டு தன் ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு மகத்தான முடிவெடுத்தான்: தன் வயிற்றை எவனும் திறக்கக் கூடாது.

இந்த முடிவை மனைவியிடம் சொல்லக் கூடாது என்பது இரண்டாவது முடிவு. அதற்கு யோசனையே தேவைப்படவில்லை.

விஷயம் இதுதான். ப்ரௌலியோ நூற்றிருபத்தெட்டு கிலோ. இதய டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கினால் பிழைப்பான் என்றார். டயர் கடை வேலையில் காப்பீடு கிடையாது. டெக்சாஸில் அந்த ஆபரேஷனுக்குக் கேட்ட தொகையில் ஒரு லாரி வாங்கலாம். ஆற்றைத் தாண்டி மெக்சிகோ பக்கம் போனால் ஐயாயிரம் டாலர். அதுவும் கையில் இல்லை. ப்ரௌலியோ வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வறுமைக்காக மாதா முன் மெழுகுவத்தி ஏற்றினான்.

மனைவி ஒதிலியா விடுவாளா?

"கிழவா, சாப்பாட்டு பிளேட் போட்டு விப்போம்."

அவர்கள் ஊரான வெஸ்லாக்கோவில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் வழி ஒன்றுதான். சீமைக்கருவேல விறகில் மாட்டு நெஞ்சுக்கறியைச் சுட்டு, சோறும் பீன்ஸும் ரொட்டித் துண்டும் வைத்து, தட்டு பன்னிரண்டு டாலர் என்று சர்ச் வாசலில் விற்பது. கண், சிறுநீரகம், இடுப்பெலும்பு என்று ஊரில் பாதிப் பேர் உடம்பு நெஞ்சுக்கறியால் ஒட்டுப்போட்டதுதான். ஊரையே கொழுக்க வைத்து ஒருவனை இளைக்க வைப்பது மட்டும் புதுசு.

"கறியை யாரு சுடுறது?" என்றான் ப்ரௌலியோ.

"நீதான். உன்னை மாதிரி சுட இந்த ஊர்ல ஆளுண்டா?"

தன்னை அறுக்கப்போகும் கத்திக்குத் தன்னையே சாணை பிடிக்கச் சொல்கிறாள்!

முதல் சனிக்கிழமை கறியில் மூன்று கை உப்பை அள்ளிப் போட்டான். வியாபாரம் படுத்தால் ஆபரேஷனும் படுக்கும். அடுத்த வீட்டு சுலேமா ஒரு வாய் வைத்ததுமே முகத்தைச் சுளித்தாள்.

"அண்ணே, என்னண்ணே இது, கடல் தண்ணிய அப்படியே கொட்டிட்டீங்களா?"

ப்ரௌலியோவின் நெஞ்சு குளிர்ந்தது.

சுலேமா ஒதிலியா பக்கம் திரும்பினாள். "பாவம், பயத்துல கை நடுங்கியிருக்கு. மதினி, இன்னும் நாலு தட்டு கட்டுங்க. இந்த மனுஷனை எப்படியாவது காப்பாத்தணும்."

சேதி பரவியது. மத்தியானத்துக்குள் கறி காலி. தாகம் தாங்காமல் ஆளுக்கு இரண்டு சோடா குடித்ததில் அதுவும் லாபம்.

அதன்பின் பயம் அவனோடு வேலைக்கும் வந்தது. கடையில் டயரிலிருந்து காற்று புஸ்ஸென்று போனால், தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டான். மயக்க ஊசி போட்டு எழுந்திருக்காமலே போன மூன்று பேரின் பெயர்கள் அவனுக்குத் தெரியும். மூன்று பேரும் இவனைவிட ஒல்லி.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஒதிலியா ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் படித்தாள். "உன் உயரத்துக்கு நூத்திப்பத்து கிலோவுக்குக் கீழ இருந்தா ஆபரேஷன் கிடையாதாம். நல்லவேளை, நமக்கு அந்தக் கவலை இல்ல." இன்னொரு தடவையும் படித்துவிட்டு அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தாள்.

ப்ரௌலியோவுக்குச் சொர்க்கவாசல் திறந்தது.

மறுநாளிலிருந்து ஆணி வாங்கப் போகிறேன், பல்பு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கால்வாய்க்கரையில் ஐந்து மைல் நடந்தான். தட்டில் விழுந்த சோள ரொட்டியெல்லாம் மேசைக்கடியில் நாய்க்குப் போயிற்று. கறி சுடும் நாளில்தான் உயிர் போயிற்று. முகமெல்லாம் புகை, வாயெல்லாம் எச்சில். ஒரு துண்டு தொடவில்லை. முனிவர்களைக் கலைக்க மேனகையைத்தான் அனுப்பினார்கள். நெஞ்சுக்கறியை அனுப்பியிருந்தால் ஒரு தவமும் மிஞ்சியிருக்காது.

"என்ன கிழவா, காத்து போன மாதிரி இருக்க?"

"கவலைதான்."

"ஐயோ பாவம்," என்று இன்னும் இரண்டு ரொட்டி வைத்தாள். நான்கு மாதத்தில் நாய்க்கு நடக்க முடியவில்லை.

பணம் சேர்ந்தது. பாலம் தாண்டிப் போனார்கள். நர்ஸ் அவனை எடை மேடையில் ஏற்றினாள்.

"நூத்தியொன்பது. ஒரு கிலோ குறையுது ஐயா. முடியாது."

"அடக் கடவுளே!" ப்ரௌலியோ தலையில் கை வைத்துக்கொண்டான். விரல்களுக்குப் பின்னால் முகம் மலர்ந்தது. "ஊர்க்காரங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நல்லாவே முழிக்கலாம்," என்ற ஒதிலியா கைப்பையையும் தோடுகளையும் அவன் கையில் திணித்துவிட்டு மேடையில் ஏறினாள்.

"நூத்திநாலு," என்றாள் நர்ஸ். "உங்க உயரத்துக்கு இது தாராளம். ஆபரேஷனுக்காகச் சொன்னபடி சூப்பு மட்டும்தானே குடிச்சீங்க?"

"ரெண்டு வாரமா."

ப்ரௌலியோ எடை மேடையை எட்டிப் பார்த்தான். "நீயா? எனக்குத் தெரியாதே!"

"எப்படித் தெரியும்? நீ நாய்க்கு ஊட்டுறதுலயே குறியா இருந்த."

"வேணாம்டி. உனக்கு எதுக்குக் கத்தி? எனக்குப் பயமா இருக்கு."

"சர்க்கரை இருக்கு, முட்டி போச்சு, மாடி ஏறினா மூச்சு நிக்குது. எனக்குன்னு சொல்லியிருந்தா கறி சுட்டிருப்பியா?"

"சத்தியமா சுட்டிருப்பேன்!"

"சுட்டிருப்ப. பாதியை நீயே தின்னிருப்ப." அவன் கன்னத்தைத் தட்டினாள். "உனக்குப் பயமே போதும் கிழவா, இளைச்சுட்ட. நான் எதுக்கும் பயப்படுறதில்ல, எனக்குக் கத்திதான்."

சொல்லும்போது அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அவள் உள்ளே போக, ஆபரேஷன் அறைக் கதவு மூடிக்கொண்டது.

இரண்டு மணி நேரம். தோடுகளை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் ரத்தம் கட்டியது. தெரிந்த மூன்று பெயர்களோடு நான்காவதாக ஒன்று சேர்ந்துவிடக் கூடாதே என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சினான். தான் இளைத்த பத்தொன்பது கிலோவையும் தன் மேலேயே திரும்ப ஏற்றிவிடச் சொன்னான்.

கூப்பிட்டார்கள். ஒதிலியா வெளிறிப்போய்க் கிடந்தாள். கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. உதடு அசைந்தது. அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"சாப்பிட்டியா?"

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இல்லடி. பயத்துல ஒண்ணும் இறங்கல."

"நல்லது," என்றாள் ஒதிலியா. "அப்படியே இரு."